விற்ற பிறகும் கத்தும் ஆடு

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நாற்பத்தேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, போர்டும் வைத்திருந்தேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து: 'தமிழ், ஆங்கிலம் டைப்பிங். ஜெராக்ஸ். மனுக்கள் எழுதித் தரப்படும்.' உண்மையில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமே ஒரே ஒரு கடிதம்தான். மேலே 'மரியாதைக்குரிய ஐயா', கீழே 'தங்கள் கீழ்ப்படிந்த'. நடுவில் இருப்பதை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், பையன் பேரில் எழுத்துப்பிழை, எதுவாக இருந்தாலும் அந்த ஒரு சட்டைக்குள் கையை நுழைத்துத்தான் ஆக வேண்டும்.

மனு எழுதுவதில் எனக்கு ஒரு கொள்கையும் இருந்தது. படிக்கிறவர் மனசு கோணக்கூடாது. தெருவிளக்கு மூன்று மாதமாக எரியவில்லை என்று ஒருவர் வந்து கொதித்தால், அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு இப்படி அடிப்பேன்: 'தங்கள் நல்லாசியால் இதுவரை சிறப்பாக எரிந்துவந்த எங்கள் தெருவிளக்கு, தற்சமயம் சற்று ஓய்வில் உள்ளது.' விளக்கு எரிந்ததா என்று கேட்காதீர்கள். மனு கொடுக்கப்போனவரை யாரும் விரட்டவில்லை. அதையே பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

இந்தத் திறமையை வைத்து ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய வேலையைக் கெடுத்தேன். அவள் பேரைச் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை அந்தப் பேரை நான் எழுதிக் கெடுத்தது போதும்.

முதன்முதலில் அவள் கடைக்கு வந்தது ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க. அப்போது முப்பது தாண்டியிருக்கும். இலஞ்சியில் அண்ணன் வீட்டில் அம்மாவோடு இருந்தாள். நான் கவர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் மெஷின் தானாக உறும ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. பதினொன்று எண்ணினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, எதத் தொட்ட?"

"இந்தப் பச்சையையும் மஞ்சளையும் சேத்து அமுக்குனேன்."

"எதுக்கு?"

"சேத்து அமுக்குனா என்ன ஆவும்னு பாக்கதுக்கு."

"ஏ பிள்ள, ஒலகத்துல எவனும் ரெண்டையும் சேத்து அமுக்க மாட்டான்."

"நான் அமுக்குனேம்லா, அண்ணாச்சி."

அடுத்த வாரம் சர்வீஸுக்கு வந்த ஆளிடம் சொன்னேன். அவர் நம்பாமல் இரண்டையும் சேர்த்து அமுக்கினார். வெள்ளைத் தாள்கள் வந்தன. 'இது எங்களுக்கே தெரியாதே சார்' என்றவர், ஊருக்குப் போன பிறகு போன் செய்து, 'கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன், அந்த மேடத்துக்கு நன்றி சொல்லிருங்க' என்றார். அவளை யாராவது மேடம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சொல்லிருங்க என்றார். நான் சொல்ல மறந்துவிட்டேன்.

அவளுக்கு முன்பு ஒரு ஜவுளிக்கடையில் வேலை இருந்தது. கல்யாணத்துக்கு மொத்தமாக எடுக்க வந்த ஒரு குடும்பத்துக்குப் பட்டு விரித்துக் காட்டியிருக்கிறாள். விலை பேசி முடிந்து, பையில் போடப்போகிற நேரத்தில், "யம்மா, முந்தில ஒரு இழ ஓடியிருக்கு பாருங்க, வேற பாருங்க" என்று விரலால் தடவிக் காட்டியிருக்கிறாள். அந்தக் குடும்பம் வேறு சேலை பார்க்கவில்லை, வேறு கடை பார்த்தது. அன்று சாயங்காலமே முதலாளி இவளிடமும் வேறு பார்க்கச் சொல்லிவிட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். "மைனி வச்ச கொழம்ப நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. குக்கர் விசிலு பாதில நிக்குது, வாசர் போவப் போவுதுன்னு மட்டுந்தான் சொன்னேன். ஒரு வாரம் எங்கிட்டப் பேசல."

"பெறகு?"

"மறுவாரம் வாசர் போயிட்டு. அதுக்கு ரெண்டு வாரம் பேசல."

'குத்தம் சொல்லாம இவளுக்குச் சோறு எறங்காது' என்பது அந்த மைனி, அண்ணன் பெண்டாட்டி, அவளுக்குக் கொடுத்த சான்றிதழ். தெருவில் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான்கூட ஓரத்தில் போட்டிருக்கிறேன்.

குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு லாட்ஜில் அறைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தாள். பெட்ஷீட் மாற்றி, கூட்டிவிட்டு வந்தால் போதும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இவள் ஒவ்வொரு அறையிலும் ஷவரையும் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, ஃபிளஷ்ஷை அமுக்கி, என்ன நடக்கிறது என்று நின்று பார்ப்பாள். மூன்றாம் மாடியில் அப்படிச் செய்தால் இரண்டாம் மாடி வாஷ்பேசினில் தண்ணீர் கொப்பளித்து மேலே வருகிறது என்று கண்டுபிடித்தாள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு, "யாரும்மா மூணையும் ஒண்ணாத் தொறப்பா?" என்று கேட்டார்.

"ஒழுங்கா நடக்கவனுக்கு எல்லாமே ஒழுங்காத்தான் இருக்கும் சார். கூறுகெட்டவன் ஒருத்தன் வருவாம்லா, அவனுக்குத்தான் பாக்கணும்."

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அந்த ஒருத்தனுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

லாட்ஜுக்கு ரிஜிஸ்டர் பாரம் அடித்துக் கொடுப்பது நான்தான். ஒரு நாள் பாரத்தோடு போனபோது ஏழாம் நம்பர் அறையில் வாக்குவாதம். பாத்ரூம் கதவை வேகமாக அடைத்தால் வெளிக்கொண்டி தானாக விழுந்து, உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வார் என்று இவள் சொல்கிறாள். முப்பது வருஷமா இருக்குற கொண்டி, அப்படியெல்லாம் விழாது என்கிறார் மேனேஜர். அதை நிரூபிக்க அவரே உள்ளே போனார். இவள் கதவை ஓங்கி அடித்தாள். கொண்டி விழுந்தது.

"இப்ப நம்புதியளா சார்?"

"தொறம்மா!"

"நம்புதேன்னு சொல்லுங்க, தொறக்கேன்."

நான் வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் பாரமெல்லாம் ஈரத்தரையில் விழுந்தது. திரும்ப அடித்துக் கொடுத்தேன். அன்று மத்தியானமே கொண்டியை மாற்றினார்கள். யாரும் அவளுக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. அவளும் அதை எதிர்பார்த்த மாதிரி இல்லை. அவளுக்கு யார் மேலும் கோபமே கிடையாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. கொண்டி விழுகிறது, விழுகிறது என்று சொன்னாள். அவ்வளவுதான். கேட்கிற நாம்தான் அதில் நம் மானத்தைத் தேடுகிறோம்.

அங்கே அவளுக்கு ஒரே போட்டி குரங்குகள்தான். "இதுவ என்னவிட நல்லாப் பாக்கும் அண்ணாச்சி. ஒரு சன்னல விடாம தள்ளிப் பாக்கும். எது தொறக்கோ அதுல போயி சோப்ப எடுத்துட்டுப் போவும்" என்று மரியாதையோடு சொல்லுவாள்.

அந்த முதல் சீசன் முடிந்தும் அவளை நிறுத்தவில்லை. சாரல் நின்று கூட்டம் கலைந்துவிட்டால் லாட்ஜ் செத்த மாதிரி கிடக்கும். அந்த நாட்களில் ரிசப்ஷனில் உட்கார்ந்து போனில் கார் ரேஸ் விளையாடுவாள். அண்ணன் தூக்கிப்போட்ட போன். ஒரு மூலையில் கண்ணாடி கீறியிருக்கும். அவள் விளையாடுவதைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். எல்லாக் காரும் முன்னால் பறக்கும். இவள் கார் மட்டும் பின்னால் போகும். சுவரில் முட்டும், திரும்ப முட்டும், அதே இடத்தில் நாற்பது தடவை முட்டும்.

ஆனி கடைசியில், அடுத்த சீசன் தொடங்கிய நேரம், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு காரில் ஐந்து பேர் வந்து தங்கினார்கள். போனில் விளையாடுகிற கேம் செய்கிற கம்பெனியாம். அவர்களில் மூத்தவன், கண்ணாடி போட்டவன், நாகர்கோவில் பக்கத்துப் பையன், சாவி கொடுக்க வந்தவன் இவள் விளையாடுவதைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அக்கா, ரேஸ்ல எதுக்கு ரிவர்ஸ்ல போறீங்க?"

"முன்னால போனா செயிக்கலாம்னு எல்லாருக்கும் தெரியும். பின்னால போனா என்ன ஆவும்னு எவனாவது பாத்திருக்கானா?"

"என்ன ஆகும்?"

அவள் காட்டினாள். பந்தயம் தொடங்குகிற கோட்டை மூன்று தடவை பின்பக்கமாகக் கடந்தால், ஒரு சுற்றுகூட ஓட்டாமல் முதல் பரிசுக் கோப்பை வந்து நின்றது. அவன் படியில் உட்கார்ந்துவிட்டானாம். "இதுக்கு எங்க ஆபீஸ்ல சம்பளம் குடுக்காங்க அக்கா" என்றானாம்.

நேராக என் கடைக்கு வந்தாள். அவள் அப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

"வெளையாடுத வேலையா? அதுக்குச் சம்பளமா?" என்றேன் நான். "ஏ பிள்ள, பேங்க் நம்பர் கிம்பர் கேட்டானா?"

"கேக்கல அண்ணாச்சி. வெளையாடுத வேல இல்ல இது. ஒடைக்க வேல. எங்கன ஒடையுதுன்னு பாத்துச் சொல்லணும். வீட்ல இருந்தே பாக்கலாமாம். டிகிரிகூட வேண்டாமாம்."

பாதி செய்து முடித்த ஒரு கேமை அவள் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தான். மூன்று நாள் விளையாடி, கண்டதை இங்கிலீஷில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குள் மெயில் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து வேலை. இங்கிலீஷ் என்றதும் அவளுக்கு என் போர்டு ஞாபகம் வந்திருக்கிறது.

போகிறபோது என் கடைக்கு மேலே காலியாகக் கிடந்த மாடி அறையைப் பார்க்கக் கேட்டாள். ஒரு அறை, ஒரு அடுப்படி. சாவி என்னிடம்தான் இருந்தது. ஸ்விட்ச் எல்லாம் போட்டுப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், தாழ்ப்பாளைப் பத்துத் தடவை ஆட்டிப் பார்த்தாள். "ரெண்டாவது சன்னல் அடைக்க மாட்டுக்கு. மத்ததெல்லாம் சரி. வேல கெடச்சா அம்மையும் நானும் இங்கன வந்திருவோம் அண்ணாச்சி. யாரு பேசுதா, யாரு பேசலன்னு பாக்காம ஒரு வாய் திங்கலாம்லா."

அந்த மூன்று நாளும் லாட்ஜ் வேலை, வீட்டு வேலை போக மிச்ச நேரமெல்லாம் போனும் கையுமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். லாட்ஜில் சலவைக்குப் போட்ட துணி எழுதுகிற பழைய நோட்டு. நம்பர் போட்டு, கோடு போட்டு, அறுபத்து மூன்று எழுதியிருந்தாள்.

"நாயன்மார் கணக்குலா வச்சிருக்க!" என்று நான் கேலி செய்தேன்.

கேமில் ஒரு விவசாயி. ஆடு மாடு வாங்குவான், பயிர் வைப்பான், ஆற்றைத் தாண்டிச் சந்தைக்குப் போய் விற்பான். ஒழுங்காக விளையாடினால் நன்றாகத்தான் இருந்தது. அவள் எங்கே ஒழுங்காக விளையாடினாள்? சிலது எனக்கு இன்னும் மனப்பாடம்.

'4. வாங்கு, வில்லு ரெண்டையும் ரெண்டு விரலால ஒண்ணா அமுக்குனா மாடும் இருக்கு, காசும் இருக்கு.'

'17. ஆட்ட வித்த பெறகும் ஆடு கத்துது. ஆட்டக் காணல, சத்தம் மட்டும் கேக்கு. வேற ஊருக்குப் போனாலும் கேக்கு.'

'29. தண்ணிக்குள்ள இருக்கும்போது போன் வந்தா, பேசி முடிச்ச பெறகு ஆளுக்கு மூச்சு முட்ட மாட்டுக்கு. எவ்வளவு நேரமும் உள்ள இருக்கான்.'

'41. பாலத்துல பின்பக்கமா நடந்தா நடுவுல விழுதான். விழுந்து முடிய மாட்டுக்கான். சோறு வடிச்சு எறக்குத வரைக்கும் பாத்தேன். இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கான்.'

நான் முதல் குறையை இங்கிலீஷில் அடிக்க ஆரம்பித்தபோதே லாட்ஜிலிருந்து போன். ஒரு பஸ் நிறைய ஆள் வந்து இறங்கிவிட்டார்கள், உடனே வா. "நீங்க அடிங்க அண்ணாச்சி, நாலரைக்கு வந்து பாக்கேன்" என்று ஓடினாள்.

தனியாக உட்கார்ந்து அடித்ததைப் படித்துப் பார்த்தேன். மேலே வேலை கொடுக்கப்போகிறவன் பேர். அடுத்த வரியிலேயே அவன் செய்த தப்பு. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இருபது வருஷமாக நான் எழுதாத மாதிரி ஒரு கடிதம். இப்படி அறுபத்து மூன்று அறை அறைந்தால் எவன் வேலை கொடுப்பான்? பாவம், இந்தப் பிள்ளைக்கு உலகம் தெரியவில்லை. ஜவுளிக்கடையில் பட்டும் புத்தி வரவில்லை. நாம்தான் பக்குவமாகக் கொண்டுபோக வேண்டும்.

பக்குவமாகக் கொண்டுபோனேன். 'தங்கள் கேம் மிகவும் அருமையாக உள்ளது, படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக உள்ளன' என்று தொடங்கினேன். அறுபத்து மூன்றில் நான்கை வைத்துக்கொண்டேன், மனசு கோணாத நான்கு. ஒரு இடத்தில் எழுத்து சின்னதாக இருக்கிறது, ஒரு இடத்தில் பாட்டுச் சத்தம் கூட, இந்த மாதிரி. மூன்றாவதாகப் பாலம். அதை விட மனசில்லை, அந்த ஆள் விழுகிற விஷயம் எனக்கே பிடித்திருந்தது. ஆனால் விழுகிறான் என்று எழுதக் கை வரவில்லை. 'கதாநாயகன் ஆற்றுப் பகுதியில் நெடுநேரம் மகிழ்ச்சியாக இருக்கிறார்' என்று எழுதினேன். கடைசியில் என் முத்திரை வரி: 'மேற்கண்டவை என் போன் பழையது என்பதாலும், என் அறியாமையாலும் ஏற்பட்டிருக்கலாம். பொறுத்தருள வேண்டுகிறேன்.' அதற்குக் கீழே அவள் பேர்.

படித்துப் பார்த்து நானே நெகிழ்ந்துபோனேன். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல மனு நான் எழுதியதில்லை.

நாலரைக்கு வருகிறேன் என்றவள் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தாள். சாரலில் நனைந்து, முந்தானையைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள்.

"எல்லாத்தையும் போட்டியளா?"

"போட்டாச்சி."

"ஆடு?"

"ஆடும் போட்டாச்சி."

எதையும் இரண்டு தடவை ஆட்டிப் பார்க்காமல் நம்பாதவள், ஸ்கிரீனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப அனுப்பிருங்க அண்ணாச்சி, நேரமாச்சி" என்றாள். அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து என் கடை மெயிலுக்குப் பதில் வந்தது. மூன்றே வரி. ஆர்வத்துக்கு நன்றி என்று ஒன்று. குறைகளைக் கண்டு விரிவாக எழுதக்கூடியவர்களையே தேடுகிறோம் என்று ஒன்று. வாழ்த்துகள் என்று ஒன்று. என் இங்கிலீஷுக்குக்கூட அது புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். நடு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், நோட்டைத் திரும்ப அடித்து அனுப்பியிருக்கலாம். மன்னிப்புக் கேட்கிற மனு எழுதுவதில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே. ஆனால் சாயங்காலம் அவள் வந்து நின்றபோது என் வாயிலிருந்து வந்தது வேறு.

"டிகிரி முடிச்ச ஆளாக் கேக்காங்களாம் பிள்ள."

"டிகிரி வேண்டாம்னு அவரு சொன்னாருல்லா?"

"அவன் சொல்லியிருப்பான். மேல உள்ளவன் ஒத்துக்கிடணும்லா."

அவள் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் எப்போது லாட்ஜுக்குப் போனாலும் அந்த நோட்டு அவள் முன்னால் விரிந்து கிடந்தது. கேம் அவள் போனில் திறக்கவில்லை, மூன்று நாளோடு மூடிவிட்டார்கள். வெறும் நோட்டை வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ள தேடுத?"

"டிகிரியெல்லாம் சும்மா சொல்லுதாங்க அண்ணாச்சி. எங்கயோ ஒண்ண விட்டுட்டேன். அதக் கண்டுபிடிச்சவன எடுத்திருப்பாங்க. எதுன்னுதான் பாக்கேன்."

வாழ்நாள் முழுக்க ஊரிலுள்ள பொருளில் எல்லாம் குறை கண்டவள், என்னால், முதல் தடவையாகத் தன் வேலையில் குறை தேடிக்கொண்டிருந்தாள். இல்லாத குறையை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "வா, ஒரு டீ குடிப்போம்" என்றேன். என் வீரம் டீயோடு முடிந்தது. குடித்துவிட்டு, கிளாஸில் கீறல் விட்டிருக்கிறது, யாராவது வாயைக் கிழித்துக்கொள்வார்கள் என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் என்னைப் பார்த்து, "எங்கன புடிச்சிய இவள?" என்றார்.

இந்தத் தடவை சீசன் முடிந்ததும் லாட்ஜில் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனாள். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். நூல் பிசிறு, தையல் விட்ட இடம், பட்டன் காஜா கோணல், எல்லாம் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். போகிற அன்று கடைக்கு வந்து நோட்டைக் கொடுத்தாள். "பின்பக்கம் பூரா காலியாத்தான் கெடக்கு அண்ணாச்சி. ரஃப் எழுத ஆவும்."

நான் அதில் ரஃப் எழுதவில்லை. மேஜை டிராயரில், பழைய கார்பன் தாள்களுக்கு அடியில் போட்டேன். மாடி அறைக்கு வேறு ஆள் வந்தார்கள். இரண்டாவது ஜன்னல் இன்றைக்கும் அடைக்காது. காற்றடித்தால் என் தலைக்கு மேலே டப் டப் என்று அடித்துக்கொள்ளும்.

இரண்டு சீசன் கழித்து, ஒரு காலை, ஆதார் ஜெராக்ஸ் எடுக்க ஒருவன் வந்து நின்றான். லாட்ஜில் ரூம் போடக் கேட்கிறார்களாம். கார்டை வாங்கிக் கண்ணாடியில் வைக்கும்போதுதான் பேரைப் பார்த்தேன், கேம் கம்பெனிக்கு மெயிலில் நான் அடித்த அதே பேர். நாகர்கோவில் பக்கத்துப் பையன். அவனுக்கு என்னைத் தெரியாது. பேசாமல் ஜெராக்ஸைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இந்தத் தடவை ஏனோ வாய் முந்திக்கொண்டது.

"தம்பி, ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு பொண்ணுக்கு வேலைக்கு டெஸ்ட் வச்சியள்லா?"

அவன் யோசித்துச் சிரித்தான். "ரிவர்ஸ்ல போற அக்காவா? அத ஏன் கேக்கீங்க அண்ணே. ஆபீஸ்ல அவங்களப் பத்தி அவ்வளவு பெருமையாச் சொல்லி வச்சிருந்தேன். ரிப்போர்ட்டப் பாத்துட்டு எல்லாரும் என்னத்தான் கேலி பண்ணுனாங்க. 'கதாநாயகன் ஆற்றில் மகிழ்ச்சியாக இருக்கிறார்'னு எழுதியிருந்தாங்க. ரொம்ப நாள் ஆபீஸ்ல யாரு லீவு போட்டாலும் அதத்தான் சொல்லுவோம்."

டிராயரை இழுத்தேன். கார்பன் தாள்களுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

நின்றுகொண்டே படித்தான். ஆட்டில் சத்தமாகச் சிரித்தான். முப்பது தாண்டியதும் சிரிப்பு நின்றது. நாற்பத்தொன்றில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"இந்தப் பாலத்த, கேம் வெளிய விட்டு அஞ்சு மாசம் கழிச்சு, ஆளுங்க திட்டி எழுதுன பெறகுதான் நாங்க பாத்தோம். இது முன்னாடியே இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"அப்ப அந்த ரிப்போர்ட்டு?"

"நான் எழுதுனது. நீங்க மனசு கோணக்கூடாதுன்னு..."

அவன் வெளியே போய் என் போர்டை ஒரு தடவை படித்துவிட்டு உள்ளே வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த டீமே இப்ப இல்ல அண்ணே. கலைச்சிட்டாங்க. நானே வேற எடத்துலதான் இருக்கேன்" என்றான். நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். ஜெராக்ஸை எடுக்க மறந்துவிட்டான். பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தேன்.

அவளுக்குச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. முதலில் கடிதமாக எழுதிப்பார்த்தேன். எப்படித் தொடங்கினாலும், தங்கள் நல்லாசியால் என்று கை தானாகப் போனது. கிழித்துப் போட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் யாரோ துணி அடிக்கும் சத்தமும் கேட்டது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அறுபத்து மூன்றில் நான்குதான் போட்டேன் என்று சொன்னேன். பழைய போன், அறியாமை என்று எழுதியதையும் சொன்னேன். டிகிரி என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். குழாயை அடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆடு?" என்றாள்.

"போடல."

"பாலம்?"

"போட்டேன். ஆனா அவன் சந்தோசமா இருக்கான்னு போட்டேன்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"அந்தப் பையன் நோட்டப் பூரா படிச்சாரா?"

"பூரா படிச்சான் பிள்ள. அவங்களே பாக்காததெல்லாம் அதுல இருக்குன்னான்."

"அப்ப நான் ஒண்ணையும் விடல."

"ஒண்ணையும் விடல."

மூச்சை விட்டாள். அது பெரிய மூச்சு. இரண்டு வருஷமாக அதைப் பிடித்துவைத்திருந்திருக்கிறாள். அத்தோடு நான் போனை வைத்திருக்க வேண்டும். எனக்குத்தான் நிறுத்தத் தெரியாதே. "நான் ஒனக்கு நல்லது பண்ணணும்னுதான் நெனச்சேன் பிள்ள. அவங்க கோவிச்சிக்கிடக் கூடாதேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒங்களுக்கு அவங்களப் பாத்தா பயம் அண்ணாச்சி" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஏழாம் நம்பர் ரூம் கொண்டியைப் பற்றிச் சொன்னாளே, அதே குரல். "அந்தப் பயத்த எழுதி, அடியில எம் பேரப் போட்டு அனுப்பிட்டிய."